பாறை என்று யார் சொன்னது?

எங்கள் கொல்லையின் மூலையில் ஒரு கிணறு பாதியில் நிற்கிறது. செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற சாலையில் இறங்கி, மாதா கோயிலைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் வேர்க்கடலைக் கொல்லை, அதாவது எங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லை. அதன் கோடியில் அந்தக் குழி. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது தோண்டியது. தோண்டத் தொடங்கிய அன்று பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சில வாரம் மண் வந்தது, பிறகு சுக்கான் கல் வந்தது, பிறகு ஒரு காலையில் கடப்பாறை ணங்கென்று கத்தியது. என் அப்பா, நாங்கள் நைனா என்போம், உள்ளே இறங்கினார், நாலு இடத்தில் தட்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார், மேலே ஏறி வந்து அறிவித்தார்.

"பாறை வந்துடுச்சி."

அவ்வளவுதான். மறுநாள் ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய் அந்தக் கல்லின்மேல் ஏற்றிவைத்து, ஆண்டவர் சித்தம் என்றார். எங்கள் ஊரில் அதுதான் முறை. இந்துக்கள் கற்பூரம் ஏற்றுவார்கள், நாங்கள் மெழுகுவர்த்தி. ஏற்றிவிட்டால் அதற்குப் பிறகு அங்கே யாரும் கடப்பாறை போடக் கூடாது. இப்படி நின்றுபோன கிணறு எங்கள் தெருவில் மட்டும் பலபேர் வீட்டில் உண்டு. யாரும் அதை வெட்கமாக நினைத்ததில்லை. பாறை வந்தால் மனுஷன் என்ன செய்ய முடியும் என்பார்கள்.

என் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கிணறு நின்ற அன்றே ஆரம்பித்த சண்டை. பக்கத்துக் கொல்லை மோட்டாரில் குடம் வைத்துத் தண்ணீர் பிடிக்க நின்றவள் அவள்தான். அந்த வீட்டம்மா எப்போது மோட்டார் போடுவாள் என்று முகத்தைப் பார்த்து நின்றவளும் அவள்தான். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு பேச்சு கேட்டுக்கொண்டு வருவாள், வந்து நைனாவிடம் அதை வட்டியோடு கொடுப்பாள்.

"ஆண்டவர் சித்தம்னு யார் சொன்னது? கடப்பாற சொல்லிச்சா?"

"தட்டிப் பாத்தன்மா. அடில முழுக்க ஒரே பாற. சத்தத்துலயே தெரியுது."

"தோ, மலைய பாரு. ஒத்தப் பாறையா அது? அடுக்கி வெச்ச மாதிரி அத்தினியும் தனித்தனி கல்லு. மேல கல்லா இருக்குது, உன் கெணத்துல மட்டும் பாறையா? அது கல்லுய்யா. பொரட்டிப் போட்டா கீழ மண்ணு இருக்கும்."

கோபம் வந்தால் அம்மாவுக்கு நைனா 'நீ' ஆகிவிடுவார். மற்ற நேரத்தில் 'நீங்க'. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் கோட்டை மலை அப்படித்தான் தெரியும். ராஜாக்கள் கட்டிய சுவர் எது, தானாகக் கிடக்கிற குண்டுக்கல் எது என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது. கல்லும் கல்லும் நடுவே மண், அதில் சீத்தாப்பழச் செடி. அம்மாவின் வாதத்துக்கு அந்த மலை முழுவதும் சாட்சி. நைனாவின் வாதத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி. நான் அம்மா கட்சியில் சேர்ந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

பிற்பாடு கல்லூரியில் நான் நிலவியல் எடுத்தபோது, "பொட்டப் புள்ள கல்லு படிக்கப் போவுதா?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். படித்தேன். எண்ணெய் தேடுகிற கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து, ரிக்குக்கு, அதாவது துளை போடுகிற இடத்துக்கே போகிறேன் என்றபோது, "பொம்பளைங்களுக்கு அங்க வசதி இல்ல" என்று ஆபீஸில் சொன்னார்கள். வசதி இல்லை என்றால் செய்து கொடுங்கள் என்றேன். வசதி என்று அவர்கள் சொன்னது ஒரு கழிவறையும் கதவில் ஒரு தாழ்ப்பாளும். அதைச் செய்து முடிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு எண்ணெய்க் கிணறே தோண்டியிருக்கலாம்.

நாங்கள் தேடுகிற இடம் செஞ்சிக்குக் கிழக்கேயும் தெற்கேயும், கடலோரமாக. ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பிய்ந்து விலகியபோது எங்கள் பக்கத்துக் கரை உடைந்து, படிப்படியாக உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்தில் ஆறுகள் மண்ணையும் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. அடியில் அமுங்கிய சேறு வெந்து எங்காவது எண்ணெயாகவும் வாயுவாகவும் ஆகியிருக்கும். அதைத் தேடுவதுதான் பிழைப்பு. இந்த மாதிரிக் கரைக்குப் புத்தகத்தில் 'செயலற்ற விளிம்பு' என்று பெயர். எரிமலை இல்லை, பெரிய பூகம்பம் இல்லை, அதனால் செயலற்றதாம். அத்தனை மண்ணையும் தலைமேல் வாங்கிக்கொண்டு கோடிக்கணக்கான வருஷமாக இறங்கிக்கொண்டிருக்கிற கரையைப் போய்ச் சும்மா இருக்கிறது என்கிறார்கள். என் அம்மாவையும் அப்படித்தான் சொல்வார்கள். கொல்லை வேலை, மாடு, சமையல், தண்ணீர் எல்லாம் பார்த்தவளை, "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று. முதல் வகுப்பிலேயே அந்தப் பெயர்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

நான் சொல்ல வந்தது ஒரு கிணற்றைப் பற்றி. அதற்குப் பெயரும் எண்ணும் உண்டு, இங்கே வேண்டாம். சவுக்குத் தோப்புக்கு நடுவே ரிக் நின்றது. திட்டம் எளிது. மண் படுகைகளைத் துளைத்துக்கொண்டே போவது, அடிப்பாறை வந்ததும் நிறுத்துவது. அடிப்பாறைக்குக் கீழே எண்ணெய் இருக்காது என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. அடிப்பாறை எவ்வளவு ஆழத்தில் என்று ஆபீஸில் ஒரு படம் வைத்திருந்தார்கள். நிலத்தைத் தட்டி, உள்ளிருந்து திரும்பி வருகிற எதிரொலியைக் கேட்டு வரைந்த படம்.

என் வேலை, கீழே பிட், அதாவது துளைக்கிற பல்சக்கரம், கடிக்கிற துணுக்குகளைப் பார்த்து இப்போது எந்தக் கல்லில் இருக்கிறோம் என்று சொல்வது. துளைக்குள் செலுத்துகிற சேற்றுக் குழம்பு அந்தத் துணுக்குகளைச் சுமந்துகொண்டு மேலே வரும். வர நேரமாகும். சல்லடையில் விழுந்ததை அள்ளி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.

அன்று விடிந்ததிலிருந்து துளை வேகம் குறைந்துபோனது. சல்லடையில் வந்தது இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கருங்கல் துணுக்கு. ரிக்கைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் நாகப்பட்டினம் பக்கத்து மனிதர். எனக்கு அப்பா வயது, ஆனாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். அவர் ஆபீஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அங்கே எங்கள் பிரிவின் தலைவர். நல்ல படிப்பாளி, பொறுமை கிடையாது.

"பாறை வந்துடுச்சும்மா. படத்துல இருக்கிற அதே ஆழம். சாம்பிள எடுத்துட்டு க்ளோஸ் பண்ணிடுங்க."

எனக்குச் சுரீர் என்றது. அதே சொல். மெழுகுவர்த்தி மட்டும்தான் பாக்கி.

"சார், கொஞ்சம் டைம் குடுங்க. நான் இன்னும் சரியா பாக்கல" என்றேன். மதியத்துக்குள் சொல்லும்படி சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார்.

திரும்பப் போய் உட்கார்ந்தேன். மைக்ராஸ்கோப்பில் சந்தேகமே இல்லாத கருங்கல், பளிச்சென்று. அந்தப் பளிச்சுதான் என்னைத் தொந்தரவு செய்தது. நாங்கள் சாம்பிளைக் கழுவுகிற விதம் அப்படி. குழாயைத் திறந்துவிட்டு, சேறு போகிறவரை அரிசி களைவது போலக் களைவோம். சேறு என்பது நாம் உள்ளே விட்ட குழம்புதானே, போகட்டும் என்று. கல்லோடு கல்லாகக் கீழேயிருந்து களிமண்ணும் வந்திருந்தால்? அதையும் சேர்த்துத்தானே சாக்கடையில் விட்டிருப்போம்?

கழுவாத சாம்பிளை வாங்கி, விரலாலேயே அலசினேன். கருங்கல் துணுக்குகளுக்கு நடுவே கடுகளவு, மிளகளவு சாம்பல்நிறக் களிமண் உருண்டைகள். நசுக்கினால் விரலில் ஒட்டியது. எங்கள் குழம்பில் அந்த நிறம் இல்லை. மேலே துளைத்துவந்த படுகைகளிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததாக நினைவில்லை. பிறகு கல் துணுக்குகளைப் பிரித்தேன். இளஞ்சிவப்பு ஒரு ஜாதி, கருத்தது ஒரு ஜாதி, வரிவரியானது இன்னொரு ஜாதி, ஒரே இடத்துக் கல் போல இல்லை. சிலதில் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாக, ஆற்றில் உருண்ட கல் மாதிரி. சூப்பர்வைசரிடம் போய் துளை வேகம் எப்படி என்று கேட்டேன்.

"ஒரே ரோதனையா இருக்கு மேடம். நகரவே மாட்டேங்குது, திடீர்னு தொபுக்குன்னு எறங்குது, மறுபடி நிக்குது. பிட்டு குதிக்குது."

பாறை என்றால் பிட்டைக் குதிக்க விடாது. ஒரே சீராகத் தேய்க்கும். இது கல். அந்தக் காலத்தில் உடைந்த கரையின் மேட்டிலிருந்து பள்ளத்தில் உருண்டு விழுந்த கற்கள், நடுநடுவே மண். ஒரு செஞ்சி மலையே பூமிக்குள் புதைந்து கிடக்கிறது, நாம் அதன் உச்சியில் நின்றுகொண்டு அடி வந்துவிட்டது என்கிறோம். எனக்கு ஆத்திரம் வந்தது. இருபது வருஷமாக அம்மா கத்திக்கொண்டிருந்ததை இன்று நான் கத்த வேண்டும்.

போன் போட்டேன்.

"சார், இது பாறை இல்ல, குண்டுக்கல்லு. கீழ மறுபடியும் படுகை இருக்கும். அதுதான் பழைய சேறு. எண்ணெய் வெந்திருந்தா அதுலதான் வெந்திருக்கும். நிறுத்தக் கூடாது."

"சீஸ்மிக் படத்துல அவ்ளோ தெளிவா இருக்கேம்மா."

"படம் சத்தத்தைக் கேட்டு வரைஞ்சது சார். கையில இருக்கிறது களிமண்ணு. எங்க ஊரு மலையைப் பார்த்தீங்கன்னா..."

"உங்க ஊரு கதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாது."

"எழுத வேணாம். துளைச்சுப் பாக்கலாம்."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "சரி. இப்போ உள்ள இருக்கிற பிட்டு தேயுற வரைக்கும். அதுக்குள்ள மண்ணு வரலைன்னா மூடிடணும். அப்புறம் நீ ரிக்குப் பக்கமே வர வேணாம். இங்க கோர் ஸ்டோர்ல உட்காரு. பழைய கல்லுப் பெட்டிக்கெல்லாம் சீட்டு ஒட்ட ஆள் வேணும்."

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும். எனக்குப் பிறகு ஒரு பெண் அங்கே வர முடியுமா என்பதும் அந்த பிட்டின் பல்லில்தான் இருந்தது. தாழ்ப்பாள் போட்ட கழிவறையை ஸ்டோர் ரூமாக்கிவிடுவார்கள். "சரி சார்" என்றேன். குரல் தெளிவாகத்தான் வந்தது.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. சல்லடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். கல், கல், மறுபடியும் கல். பிட் தேய்ந்துகொண்டே வருவது வேகத்திலேயே தெரிந்தது. அம்மா தப்பாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு தடவை தோன்றியது. கிணற்றங்கரையில் தோன்றாத சந்தேகம் ரிக்கில் வந்து தோன்றுகிறதே என்று எனக்கே என்மேல் எரிச்சல். வெயில் சாய்கிற நேரத்தில் துளைக்குழாய் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு மளமளவென்று இறங்கியது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், நான் சல்லடையைப் பார்த்தேன். மேலே வருகிறவரை காத்திருக்க வேண்டுமே, அந்தக் காத்திருப்பை எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை.

வந்தது. கருஞ்சாம்பல் நிறத்தில், தகடு தகடாக, இறுகிய சேறு.

"மேடம், மண்ணு! மண்ணு வந்துடுச்சி!" என்று சூப்பர்வைசர் கத்தினார். நான் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன். அங்கே இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

எண்ணெய் கிடைத்ததா என்று கேட்பீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. அந்தப் படுகைக்குள்ளும் மணல் இருந்தது, எண்ணெய் இருந்தால் தங்கக்கூடிய நல்ல மணல். புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்தோம், எண்ணெய்ப் பசை இருந்தால் மினுங்க வேண்டும், மினுங்கவில்லை. சோதித்தபோது வந்தது உப்புத் தண்ணீர். அதற்கும் கீழே போய் நிஜமான அடிப்பாறையைத் தொட்டு, துளையை சிமெண்ட் போட்டு மூடினோம். தலைவர் போனில் வந்தார்.

"பாத்தியா? கடைசில உப்புத் தண்ணிதான்."

"உப்புத் தண்ணின்னு நமக்கு எப்படித் தெரிஞ்சுது சார்?"

நானே சொன்னேன், "துளைச்சதால தெரிஞ்சுது. அன்னிக்கே மூடியிருந்தா, பாறைன்னு எழுதி வெச்சிருப்போம். அது பொய்யாவே இருந்திருக்கும்." அதிகப்பிரசங்கித்தனம்தான். இருந்தாலும் அவர் என்னைக் கோர் ஸ்டோருக்கு அனுப்பவில்லை. அடுத்த ரிக்குக்கு எப்போது போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

விடுப்பில் ஊருக்கு வந்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தெருக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். விவசாயி, வாய் அதிகம்.

"இன்னாம்மா, நம்ம ஊரையும் நோண்ட வந்துருவீங்களா? கடலோரமெல்லாம் ஜனங்க கொடி புடிச்சிக்கினு நிக்கிறாங்களாமே?"

"நிக்கட்டும் மாமா. நெலத்துக்காரங்களைக் கேக்காம யாரும் கை வைக்கக் கூடாது. நானும் அதைத்தான் சொல்றேன். நம்ம ஊருக்குப் பயமில்ல. இங்க கீழ முழுக்கப் பாறை. எண்ணெய் இருக்காது."

"பாறைன்னு எப்புடித் தெரியும்? உங்க நைனா மாதிரியே சொல்றியே!" என்று அவர் கடகடவென்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார், எனக்குச் சுட்டது. படிப்பு இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, நான் சொன்னது ஊருக்குப் பொதுவாகச் சரி. ஆனால் எங்கள் கிணற்றில் நான் இறங்கியதே இல்லையே. அத்தனை வருஷமாக அம்மா கட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள், ஒரு தடவைகூட இறங்கிப் பார்த்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி எண்ணெயைப் பற்றி இல்லை. போனில் நான் ஏற்கெனவே கதையைச் சொல்லியிருந்தேன், நைனா காதிலும் விழட்டும் என்றுதான் கேட்டாள்.

"கல்லா, பாறையா?"

"கல்லும்மா."

அவள் நைனா பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? உன் பொண்ணு சொல்றா. அத்தினி ஆழத்துலயே கல்லாம். இத்தினியூண்டு கெணத்துல பாறையாம்!"

நைனா பேப்பரை மடித்தார். "அந்தக் கெணறு வேற, இந்தக் கெணறு வேற" என்றார். இப்போது வீட்டு வாசலில் தெருக்குழாய் இருக்கிறது. அம்மாவுக்குத் தண்ணீர்க் கவலை போய்விட்டது. சண்டை போகவில்லை.

மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு கிணற்றில் இறங்கினேன். கோடையானதால் அடி காய்ந்து கிடந்தது. குப்பையையும் சருகையும் வாரி ஒதுக்கி, தென்னை விளக்குமாற்றால் பெருக்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். களிமண் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று கழுவுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டேன். மேலே இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

கல் என்றால் அதற்கு ஓரம் இருக்க வேண்டும், சுற்றிலும் மண் இருக்க வேண்டும். ஓரத்தைத் தேடினேன். இல்லை. பாறையில் ஒரு வெள்ளை நரம்பு ஓடியது, ஒரு பக்கச் சுவரடியிலிருந்து அடித்தரை வழியாக எதிர்ச் சுவரடி வரை போனது. எங்கும் அறுபடவில்லை. மேலே ஏறி, அது போகிற திசையில் கொல்லையைத் தாண்டி நடந்தேன். வேலிக்கு அப்பால் தரையோடு தரையாகத் தெரிகிற பாறையில் அதே வெள்ளை நரம்பு, அதே திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கிணறும் வேலியும் அந்தப்பக்கமும் எல்லாம் ஒரே பாறை. நைனாவின் காது பொய் சொல்லவில்லை.

மெதுவாகத் திரும்பி நடந்தேன். ரிக்கில் நான் எதிர்த்து நின்ற தைரியம் அம்மா கொடுத்தது. அந்த தைரியத்துக்கு ஆதாரம் இந்தக் கிணறு. இந்தக் கிணற்றில் அவள் தப்பு. கிணற்றங்கரையில் நின்று, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வேறு மாதிரிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

"பாறைதாம்மா. ஓரம் இல்ல. அந்தாண்ட வேலி வரைக்கும் ஒரே பாறை."

நைனா மீசையைத் தடவினார். "சொன்னனா இல்லியா? அன்னிக்கே சொன்னனா இல்லியா?"

அம்மா குழியை எட்டிப் பார்த்தாள். அந்த வெள்ளை நரம்பை நான் காட்டினேன், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அவள் கண் அதோடு போய்த் திரும்பியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நைனாவிடம் திரும்பினாள்.

"நீ பாத்துட்டா சொன்ன? தட்டிட்டுச் சொன்ன. மறுநாளே வத்தி ஏத்தி வாய அடைச்ச. என் பொண்ணு எறங்கினா, கழுவினா, வேலி வரைக்கும் நடந்து பாத்துட்டு வந்து சொல்றா. அவ சொல்றதுக்கு ஒத்துக்கிறேன். நீ சொன்னதுக்கு இன்னிக்கும் ஒத்துக்க மாட்டேன்."

நைனாவின் கை மீசையிலேயே நின்றது. அம்மா என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிப் பார்த்தாள், கனம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த மூல பாறை, சரி" என்றாள். "அந்த மூலைய யாருனா பாத்தீங்களா?"